பவுண் நாயும் குறோம் நாயும்: மாக் ட்ரக் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரெண்டு கிழமைக்கு முதல் உங்கட பேப்பரில அமெரிக்க ட்ரக்குகளைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. மனுசி கறிச்சாமான் வாங்கப்போன தமிழ்க்கடையில அதை எடுத்துக்கொண்டு வந்து, "இஞ்ச பாருங்கோ, உங்கட நாய் பேப்பரில வந்திருக்கு" எண்டு மேசையில போட்டா. நாய் எண்டது நான் ஓடுற மாக் ட்ரக்கின்ர பொனட்டுக்கு மேல நிக்கிற புல்டோக் நாய்ப் பொம்மை, அந்தக் கொம்பனியின்ர அடையாளம். நானும் சோத்துக்கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு வாசிச்சன். எங்கட ஆக்கள் ட்ரக்கைப் பற்றித் தமிழில எழுதுறதே அருமை, ஆக்சிடென்ட் பட்டால்தான் எழுதுவினம், அதால எழுதின தம்பிக்கு முதல் நன்றி சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தைத் தொடங்கிறன். ஆனா மாக் ட்ரக் பற்றி எழுதின பகுதியில மூண்டு பிழை கிடக்கு, அதில ஒரு பிழை ஆக்களுக்குக் காசு நட்டம் வைக்கக்கூடிய பிழை, அதுக்காகத்தான் உந்தக் கடிதம். நான் எழுத்தாளன் இல்லை, 2003 இல இருந்து ஒன்ராறியோவில டம்ப் ட்ரக் ஓடுறன், லோட் ஏத்த லைனில நிக்கேக்க ஃபோனில தட்டித் தட்டி எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தால் திருத்திப் போடுங்கோ.

முதல் பிழை, மாக் இப்ப சீனாக்காரன்ர கொம்பனி எண்டு எழுதியிருந்தது. இல்லை. மாக்கை வாங்கினது சுவீடன் வொல்வோ குழுமம், ட்ரக், பஸ் செய்யிற வொல்வோ. கார் செய்யிற வொல்வோ வேற. அந்தக் காரை 1999 இலேயே ஃபோர்ட்டுக்கு வித்துப்போட்டினம், ஃபோர்ட் அதை 2010 இல சீனாவில ஜீலிக்கு வித்தது, பேர் மட்டும் ரெண்டுக்கும் ஒண்டு. பேந்து 2017 கடைசியில அதே ஜீலி ட்ரக் வொல்வோவிலயும் 8 வீதத்துக்குக் கொஞ்சம் மேல பங்கு வாங்கப்போறன் எண்டு அறிவிச்சது, அதைப் பாத்துத் தம்பி குழம்பியிருக்கலாம். எட்டு வீதம் வைச்சிருக்கிறவனை வீட்டுக்காரன் எண்டு சொல்லேலாது, வாடகைக்கு ஒரு அறையில இருக்கிற மாதிரித்தான் அது.

மாக் கனபேரின்ர கை மாறினது எண்டது உண்மை. 1967 இல சிக்னல் எண்ட கொம்பனியிட்டைப் போச்சுது, 1979 இல பிரான்ஸ் றெனோ உள்ளுக்க வந்து கொஞ்சங்கொஞ்சமாப் பங்கைக் கூட்டி 1990 இல முழுசா வாங்கினது, பேந்து றெனோவின்ர ட்ரக் பகுதியை வொல்வோ வாங்கேக்க மாக்கும் சேந்து போட்டுது, அது 2000, 2001 கதை. ஆனா ட்ரக் இண்டைக்கும் பென்சில்வேனியாவில மக்கஞ்சி எண்ட இடத்திலதான் பூட்டுப்படுது, அலன்ரவுணுக்குப் பக்கத்தில. இஞ்ச எங்கட ஓக்வில்லிலயே ஒரு காலத்தில மாக் பூட்டின ஃபாக்டரி இருந்தது, இப்ப இல்லை, அதில வேலை செய்த வயசான வெள்ளைக்காரர் ஒராளை ஒரு கராஜில சந்திச்சிருக்கிறன், மனுசன் என்ர ட்ரக்கைச் சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு ஒண்டும் சொல்லாமல் போட்டார்.

ரெண்டாவது பிழை, நாய் அடையாளம் இருக்கிறதால இது இங்கிலாந்தில துவங்கின கொம்பனி எண்டது. தம்பி, சுத்தப் பிழை. இது நியூயோர்க் புறூக்லின்காரர். ஜெர்மன் வழி வந்த அஞ்சு அண்ணன் தம்பியள், பென்சில்வேனியாவில ஸ்க்ரான்ரன் பக்கத்துத் தோட்டக்காரன்ர பிள்ளையள். அதில ஜாக் மாக் எண்டவர் 14 வயசில வீட்டை விட்டு ஓடிப்போய் வண்டி ஓட்டினவர், எங்கட ஊரில பள்ளிக்கூடம் கள்ளமடிச்சு லொறிக்குக் கிளீனராப் போற பெடியங்கள் மாதிரி. அவரும் அண்ணன் தம்பி ஒருதரும் சேந்து 1893 இல புறூக்லினில ஒரு குதிரைவண்டிப் பட்டறையை வாங்கிச்சினம். 1900 இல ஒரு மோட்டார் பஸ் செய்திச்சினம், 20 பேர் இருக்கலாம், அங்க புறொஸ்பெக்ட் பார்க்கில ஆக்களை ஏத்திச் சுத்திக் காட்டினது. அந்த பஸ் மில்லியன் மைல் ஓடினது எண்டு கொம்பனி சொல்லும், ட்ரக் விக்கிறவன் சொல்லுற மைலை நான் எப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் எடுக்கிறனான். முதல் கொஞ்ச வருசம் மாக் எண்ட பேரே இல்லை, மன்ஹாட்டன் எண்டு போட்டுத்தான் வித்தவை. 1905 இல அலன்ரவுணுக்குப் போச்சினம். வேடிக்கை என்னெண்டால் கொம்பனி 1911 இல வேற ஆக்களோட சேந்த கையோட ஜாக் மாக் வெளிய போட்டார், அவரில்லாமல்தான் அவற்ற பேர் உலகம் எல்லாம் போனது.

அப்ப நாய் எங்கயிருந்து வந்தது? 1916 இல ஏசி எண்டு ஒரு மொடல் வந்தது. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கோ, இப்பத்த ட்ரக்கைப் பாத்த கண்ணுக்கு அதுக்கு முகமே இல்லாத மாதிரி இருக்கும். ஏனெண்டால் எல்லாரும் றேடியேற்றரை முன்னுக்கு வைக்க இவை எஞ்சினுக்குப் பின்னால வைச்சவை, முன்னுக்கு இடிபட்டால் உடையாமல் இருக்கட்டும் எண்டு. அதால பொனட் முன்னுக்குச் சரிஞ்சு, மூக்குச் சப்பையாய், கழுத்தில்லாமல் ஒரு உருவம். ரயர் காத்தடிச்ச ரயர் இல்லை, கட்டி றப்பர். பின் சில்லுக்குச் சங்கிலி, சைக்கிள் சங்கிலி மாதிரி, அதைவிட ஆள்மொத்தத்தில. முதலாம் உலகயுத்தத்தில இந்த ட்ரக்கள் ஆயிரக்கணக்கில பிரான்சுக்குப் போனது, அமெரிக்கப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும். சேத்துக்குள்ள மற்ற ட்ரக்கள் தாண்டுபோய் நிக்க இது இழுத்துக்கொண்டு போறதைப் பாத்து பிரிட்டிஷ்காரர், இது புல்டோக் மாதிரிப் பிடிச்சால் விடாது எண்டு சொன்னவை எண்டுதான் கதை. ஆர் சொன்னது, எந்த இடத்தில சொன்னது எண்டு ஆளுக்கொரு மாதிரிச் சொல்லுவினம். இங்கிலாந்துக்கும் நாய்க்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான், பேர் வைச்சது அவங்கள், ட்ரக் இவங்கட.

பேந்து 1921 இல ஒரு தகட்டில நாயின்ர படம் போட்டு ட்ரக்கில அடிச்சிச்சினம். அந்தப் படத்தில நாய் ஒரு புத்தகத்தைக் கடிச்சுக் கிழிச்சுக்கொண்டு நிக்கும், புத்தகத்தில சாமான் ஏத்தி இறக்கிற செலவு எண்டு தலைப்பு எழுதியிருக்கும். எனக்கு அதில சரியான விருப்பம். டீசல் விலை ஏறுற நேரத்தில எல்லாம் அந்த நாயைத்தான் நினைப்பன். அடுத்த வருசமே, 1922 இல, நாயைக் கொம்பனி அடையாளம் ஆக்கினது, கொம்பனிக்கும் மாக் ட்ரக்ஸ் எண்டு பேர் வந்தது.

பொனட்டுக்கு மேல நிக்கிற நாய் அதுக்குப் பிறகுதான், 1932. தலைமை எஞ்சினியர் அல்ஃப்ரெட் மசூரி ஒரு ஒப்பரேசன் செய்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனுசன், கட்டிலில கிடந்துகொண்டு ஒரு நாயைச் செதுக்கினார். அதுக்குக் காப்புரிமையும் எடுத்தவர். அண்டையிலயிருந்து இண்டைவரைக்கும் அதே நாய்தான், நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு. அடுத்த வருசமே அந்த மனுசன் செத்துப்போனார், அதுவும் ட்ரக்கில இல்லை, ஆகாயத்தில. அமெரிக்கக் கடற்படையின்ர அக்ரன் எண்ட பெரிய ஆகாயக் கப்பலில விருந்தாளியாப் போனவர், 1933 ஏப்ரல் 4 இரவு புயலுக்குள்ள அது நியூஜெர்சிக் கரைக்கு அங்கால கடலுக்குள்ள விழுந்தது, 76 பேரில 73 பேர் போட்டினம். தம்பியின்ர கட்டுரையில மசூரியின்ர பேரே இல்லை. அலங்காரப் பொம்மை எண்டு ஒரு சொல்லில முடிச்சிட்டார், அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

இங்கிலாந்துத் தொடர்பு எண்டு தேடினால் உண்மையா ஒண்டு இருக்கு, அதைத் தம்பி எழுதியிருக்கலாம். 1965 இல நியூயோர்க் தீயணைப்புப் படைக்கு மாக் ஒரு வாகனம் செய்து குடுத்தது, சூப்பர் பம்பர் எண்டு. அதில தண்ணி இறைக்கிற எஞ்சின் நேப்பியர் டெல்ரிக், இங்கிலாந்தில றெயிலுக்கும் போர்ப்படகுக்கும் போடுற எஞ்சின், 2,400 குதிரைவலு. நிமிசத்துக்கு 8,800 கலன் தண்ணி. எங்கட ஊரில தோட்டத்துக்கு இறைக்கிற ரெண்டு இஞ்சி மிசினை நினைச்சுப் பாருங்கோ, இதைக் கிணத்துக்குள்ள விட்டால் கிணறு மட்டுமில்லை அயலட்டைக் கிணறுகளும் வத்திப்போம்.

சரி, மூண்டாவது பிழைக்கு வாறன், இதுதான் காசுப் பிழை. பவுண் நிற நாய் விலை கூடின மொடலுக்கும் மில்லியன் மைல் ஓடின ட்ரக்குக்கும் குடுக்கிற பரிசு எண்டு எழுதியிருந்தது. அதுக்குப் பக்கத்தில போட்டிருந்த படத்தில இருந்ததோ வெள்ளி மாதிரி மினுங்கிற குறோம் நாய், கீழ பவுண் நாய் எண்டு எழுத்து.

பவுண் நாய் எண்டால் அர்த்தம் ஒண்டே ஒண்டுதான். எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அக்சில், எல்லாம் மாக் கொம்பனியின்ரயே எண்டு அர்த்தம். இதில ஏதாவது ஒண்டு வெளியாக்களின்ர எண்டாலும், கம்மின்ஸ் எஞ்சின் போட்டிருந்தாலும் சரி, ஈட்டன் கியர்பொக்ஸ் போட்டிருந்தாலும் சரி, குறோம் நாய். மைலும் இல்லை, விலையும் இல்லை, பரிசும் இல்லை. அமெரிக்காவில மற்ற பெரிய ட்ரக் கொம்பனியள் கனபேர் எஞ்சினை ஒராளிட்ட வாங்கி, கியர்பொக்ஸை இன்னொராளிட்ட வாங்கி, பின்பக்கத்தை வேறொராளிட்ட வாங்கிப் பூட்டித்தான் விக்கிறவை, மாக் மட்டும் கனகாலமா எல்லாத்தையும் தானே செய்யோணும் எண்டு பிடிவாதம் பிடிச்ச கொம்பனி. சொந்த டீசல் எஞ்சின் 1938 இலேயே துவங்கிட்டினம். 1960களின்ர நடுவில மக்சிடைன் எண்டு ஒரு எஞ்சின் கொண்டு வந்தவை, 237 குதிரைவலுதான், ஆனா நிமிசத்துக்கு 1,200 சுத்திலயிருந்து 2,100 வரைக்கும் வலு பெரிசாக் குறையாது, அதால மற்றாக்கள் பத்து, பதிமூண்டு கியர் போட்டு மாறி மாறிக் கை உளைய இவை அஞ்சு கியரோட மலை ஏறிச்சினம். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒரே ஆக்கள் ஒரே மேசையில இருந்து யோசிச்சால்தான் அப்பிடிச் செய்யலாம். அந்தப் பிடிவாதத்துக்கு வைச்ச முத்திரைதான் பவுண் நிறம்.

இனி ஏன் காசுப் பிழை எண்டு சொன்னன் எண்டால், மனுசியின்ர தம்பி 2011 இல பழைய மாக் ஒண்டு வாங்கினவன். நான் அந்த நேரம் அம்மாவின்ர ஆண்டுத்திவசத்துக்கு ஊருக்குப் போட்டன், அவனுக்கு அவசரம், கோடை துவங்கப்போகுது, வேலை போகுது எண்டு. வித்தவர் தனி ஆள், பேர் வேண்டாம். பொனட்டில பவுண் நாய் மினுங்கிக்கொண்டு நிக்குது, "தம்பி இது ஃபுல் மாக், நாயைப் பாருங்கோ" எண்டு சொல்லி மற்றதுகளைவிட 4,500 டொலர் கூட வாங்கிப்போட்டார். நான் திரும்பி வந்து பாத்தன். நாய் மட்டும் புதுசு. ட்ரக்குக்குப் பதினைஞ்சு வயசு, சுத்தவர பெயின்ற் எல்லாம் வெயில் பட்டு வெளிறிப்போய் இருக்கு, நாய் நேற்றுத்தான் கலியாணம் முடிச்ச மாதிரி நிக்குது. பொனட்டைத் திறந்து உள்பக்கம் நாயைப் பிடிக்கிற நட்டைப் பாத்தால் அதுவும் புதுசு. எனக்கு அப்பவே வயித்துக்குள்ள ஒரு மாதிரி வந்திட்டுது, ஆனா பெடியன் சந்தோசமா நிக்கிறான், மனுசி வேற பக்கத்தில நிண்டு ட்ரக்குக்குத் தேசிக்காய் வைக்கச் சொல்லிக்கொண்டு நிக்கிறா, எப்பிடிச் சொல்லுறது, பேசாமல் விட்டிட்டன். அது என்ர பிழை.

ரெண்டு மாசத்தால பின் டிபரென்சலில, அதுதான் பின் அக்சிலில சில்லைச் சுத்த வைக்கிற பற்சில்லுப் பெட்டியில, சத்தம் வந்தது. அவன் ட்ரக்கை நிப்பாட்டிப்போட்டு சாமான் கடையில போய் மாக் டிபரென்சலுக்கு எண்டு கேட்டு, முற்பணம் கட்டி, அமெரிக்காவிலயிருந்து எடுப்பிச்சு, மெக்கானிக் கழட்டிப் பாத்தால் பொருந்தாது, ஏனெண்டால் பின்னுக்கு இருக்கிறது வேற கொம்பனி அக்சில். கியர்பொக்ஸும் வேற. எஞ்சின் மட்டும்தான் மாக். அது கொம்பனியில இருந்து வரேக்கயே குறோம் நாயோட வந்த ட்ரக், ஆரோ கடையில ஒரு பவுண் நாயை வாங்கிப் பூட்டியிருக்கினம், அதுக்கு 100 டொலர்கூடப் போயிராது. அஞ்சு நாள் வேலை போச்சு. வித்தவருக்கு ஃபோன் எடுத்தால் அவர் சொன்ன மறுமொழி எனக்கு இப்பவும் காதுக்குள்ள நிக்குது: "நான் உங்களுக்கு நாயே வித்தனான்? ட்ரக்கைத்தானே வித்தனான்."

சட்டப்படி பாத்தால் அந்த மனுசன் சொன்னதும் சரிதான் போல. எழுத்தில ஒண்டும் இல்லை.

இதில நான் நேர்மையாய் ஒண்டு சொல்லவேணும், இல்லாட்டி நான் நாய்ப்பக்தன் எண்டு நினைப்பியள். அந்தக் குறோம் நாய் ட்ரக் பேந்து ஏழு வருசம் ஓடினது. அந்த வெளியாக்களின்ர கியர்பொக்ஸை ஒருக்காலும் திறக்கேல்லை. குறோம் எண்டால் கூடாது எண்டில்லை, அது வேற சாமான், சாமானுக்குத் தக்க விலை, தக்க இடத்தில ஸ்பெயார் வாங்கோணும், அவ்வளவுதான். பவுண் எண்டு நினைச்சு வாங்கினதுதான் பிழைச்சது.

என்ர சொந்த அனுபவம் எண்டால், நான் 1994 இல கனடாவுக்கு வந்து ஒம்பது வருசம் ஃபாக்டரியில நிண்டு, 2003 இல கடனெல்லாம் எடுத்து ஒரு 96 ஆம் ஆண்டு மாக், ஆர்டி 688 மொடல், வாங்கினன். ஈ7 எஞ்சின், 12 லீற்றர், ஆறு சிலிண்டர் நேர்வரிசை, மாக் கியர்பொக்ஸ், மாக் அக்சில், பவுண் நாய், கொம்பனியில பூட்டின நாய். கலிடன், மில்ரன் பக்கத்துக் கிறவல் கிடங்குகளில ஏத்தி ரொறன்ரோ முழுக்கக் கொட்டியிருக்கிறன், 401 பெருந்தெருவில எந்தப் பாலத்துக்கு முதல் குழி இருக்கு எண்டு நித்திரையிலயும் சொல்லுவன். எங்கட பெரியப்பா ஊரில பெட்ஃபோர்ட் லொறி வைச்சிருந்தவர், சுன்னாகத்தில வெங்காயம் ஏத்திக் கொழும்புக்குப் போறது, அவர் காலமை எஞ்சினை ஸ்ராட் பண்ணிப்போட்டு அஞ்சு நிமிசம் பக்கத்தில நிண்டு சத்தத்தைக் கேப்பார், ஏனெண்டு சின்னனில விளங்கேல்லை. இஞ்ச ஜனவரியில மைனஸ் 25 இல, விடிய நாலரைக்கு, ராத்திரி முழுக்க புளொக் ஹீற்றரில சூடாக்கின எஞ்சினை ஸ்ராட் பண்ணி நிண்டு அந்தத் தடதட சத்தம் ஒரு சீருக்கு வாறதைக் கேக்கேக்கதான் விளங்கினது.

அந்தப் பழைய மாக்கின்ர பின் ஸ்பிறிங்குக்கு ஒட்டகமுதுகு எண்டு பேர், தகடு தகடா அடுக்கி நடுவில கூனிப்போய் இருக்கும். ஓடுறாக்கள் எல்லாரும் ஒரே கதைதான் சொல்லுவினம், லோட்டோட போகேக்க கோயில் யானை மாதிரிப் போகும், கொட்டிப்போட்டு வெறுமையாய் வரேக்க எலும்பெல்லாம் எண்ணலாம். ஆனா சேத்துக் காணிக்குள்ள, ஒரு பக்கம் பள்ளம் ஒரு பக்கம் மேடு எண்டு நிக்கிற இடத்தில, சில்லு எல்லாம் நிலத்தை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது அதாலதான், அதுதானே டம்ப் ட்ரக்காரனுக்கு வேணும். நெடுந்தூரம் ஓடுற எங்கட பெடியங்கள் அதைக் கேட்டுச் சிரிப்பாங்கள், அவங்களுக்குக் காத்துப்பை வைச்ச சீற்றும் கட்டிலும் வேணும், அவங்களுக்கு வேற ட்ரக். 2007 க்குப் பிறகு வந்த ட்ரக்குகளில புகை வடிகட்டி, 2010 க்குப் பிறகு புகையைச் சுத்தமாக்க ஊத்திற நீலத் தண்ணி எண்டு எந்தக் கொம்பனியை எடுத்தாலும் ஒரு வைத்தியசாலையே பின்னுக்குக் கட்டிவிட்டிருக்கினம், ஊருக்கு நல்லதுதான், ஆனா பழைய எஞ்சின்காரரின்ர கண்ணில அது ஏறாது. இப்ப நான் ஓடுறது மாக்கின்ர கிரனைட் மொடல், அதில கியர் தானா மாறும், முழங்கால் ரெண்டும் அதுக்கு நன்றி சொல்லுது.

இந்த இடத்தில பழைய மாக்காரர் ஒரு சண்டை பிடிப்பினம், அதையும் சொல்லிப்போடுறன். இப்பத்தைய மாக் எஞ்சின்கள், எம்பி 7, எம்பி 8 எண்டு வாறது, மேரிலாந்தில ஹேகர்ஸ்ரவுணில செய்யினம், பேர் மாக், ஆனா அடிப்படை வொல்வோவின்ர வடிவமைப்பு. தானா கியர் மாறுறதும் அப்பிடித்தான். அப்ப அதுக்குப் பூட்டுற பவுண் நாய் பவுணோ எண்டு கேப்பினம். ஒரு கிழவர் சொன்னார், பழசு 22 கரட், புதுசு 18 கரட் எண்டு. நான் சொல்லுறது, நகைக்கடையில 18 கரட்டும் பவுண் எண்டுதான் விக்கிறான், ஆனா 18 எண்டு சொல்லிப்போட்டுத்தான் விக்கோணும். குப்பை அள்ளுற மின்சார மாக் ஒண்டும் வந்திருக்கு, அதுக்கு நாய் செம்பு நிறம். பவுண், வெள்ளி மாதிரிக் குறோம், செம்பு, இனி இரும்பு நாய்தான் மிச்சம்.

பழைய மாக் வாங்கப்போற ஆக்கள் நாயைத் தடவிப்போட்டுக் காசை எண்ணாதேங்கோ. குனிஞ்சு பாருங்கோ. காற்சட்டை ஊத்தையானாலும் பரவாயில்லை. பின்னுக்குப் போய் முழங்காலில இருந்து அக்சிலைப் பாத்தால், மாக் டிபரென்சல் மேலயிருந்து இறக்கிப் பூட்டினது, அக்சிலுக்கு மேல மொட்டு மாதிரிக் கும்பிக்கொண்டு நிக்கும், வெளியாக்களின்ர டிபரென்சல் கனக்க முன்பக்கமா வட்டமா முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கும். ஒருக்காப் பாத்துப் பழகினால் பத்தடி தள்ளி நிண்டே சொல்லலாம். கியர்பொக்ஸில ஒரு தகடு இருக்கும், எண்ணெய் ஊத்தையைத் துடைச்சால் கொம்பனிப் பேர் தெரியும், துடைக்க விடமாட்டன் எண்டு சொல்லுறவனிட்ட வாங்காதேங்கோ. வண்டியின்ர 17 எழுத்து இலக்கத்தை எழுதிக்கொண்டு போய் டீலரிட்டக் குடுத்தால் ஃபாக்டரியால வெளிக்கிடேக்க என்னென்ன பூட்டி விட்டது எண்டு எடுத்துச் சொல்லுவினம், முதல் இலக்கம் 1 எண்டால் அமெரிக்காவில பூட்டினது, 2 எண்டால் கனடா. இவ்வளவும் செய்ய ஒரு பின்னேரம் காணும். மனுசியின்ர தம்பிக்கு நான் ஊரிலயிருந்து ஃபோனில இதைச் சொல்லியிருக்கலாம், அவனும் கேட்டிருக்கலாம்.

தம்பிக்கு ஆர்வம் இருந்தால் அலன்ரவுணில மாக் மியூசியம் இருக்கு, ரொறன்ரோவிலயிருந்து ஏழெட்டு மணித்தியாலம், நியூஜெர்சியில சொந்தக்காரரின்ர சாமத்தியவீட்டுக்குப் போகேக்க நான் பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு போனனான். பிள்ளையளுக்கு அரை மணித்தியாலத்தில அலுத்துப்போச்சு. நான் ஏசி மொடலுக்கு முன்னால நிண்டு அந்தச் சங்கிலியைப் பாத்துக்கொண்டு நிண்டன், ஹூவர் அணை கட்டேக்க இந்தச் சாதி ட்ரக்குகள்தானே மண்ணும் கொங்கிறீற்றும் சுமந்தது எண்டு நினைச்சுக்கொண்டு. அந்த ஏசி மொடல் 40,000 க்கு மேல செய்தவை, அதுக்குப் பிறகு 1953 இல வந்த பி மொடல் 1,27,000 க்கு மேல. பி மொடல் வட்ட முகம், வடிவெண்டால் அப்பிடி வடிவு, என்னட்டைக் காசு இருந்திருந்தால் ஒண்டு வாங்கி வீட்டு வாசலில விட்டிருப்பன், மனுசி என்னை வெளிய விட்டிருப்பா.

கடைசியா ஒரு வேண்டுகோள். திருத்தம் போடேக்க படத்தையும் மாத்துங்கோ. என்ர பழைய 688 இன்ர நாயின்ர படம் ஒண்டு இதோட அனுப்பிறன். அந்த ட்ரக்கை 2017 இல ஒரு போர்த்துக்கீசக்காரருக்கு வித்தனான், நாயைக் கழட்டி வைச்சுக்கொண்டு தரட்டோ எண்டு கேட்டன், மனுசன் நாய் இல்லாட்டி ட்ரக் வேண்டாம் எண்டிட்டார், அதால படம் மட்டும்தான் என்னட்டை. அது உண்மையான பவுண் நாய்தான். படத்தில வலது காதுப்பக்கம் நிறம் உரிஞ்சு வெள்ளையாத் தெரியும், 14 வருசம் காலமை பொனட்டைத் திறக்க முதல் நான் தொட்ட இடம் அது, பழுது எண்டு நினைச்சு உங்கட கொம்பியூட்டர்ப் பெடியன் அதுக்கும் பவுண் பூசிப்போடாமல் பாத்துக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலயிருந்து ஒரு டம்ப் ட்ரக்காரன்